வேலி இல்லாததன் விலை

டூப்ளிகேஷன் வீதி, மூன்றாம் மாடி.
ரிஸ்மியா வரைபடத்தை விரித்து
சுருளும் மூலையைத் தேநீர்க் கோப்பையால் அமர்த்தினாள்.
வளைந்து வளைந்து ஓர் ஆறு, லுவாங்வா.
அதன் கரையில் ஆறே ஆறு கூடாரம்.
"டொக்டர், ஒண்டு முதல்லயே செல்லோணும்.
இங்க வேலி இல்ல."

வேறு இடங்களில் உண்டாம்.
மின்கம்பி, நீச்சல் குளம்,
பெயர் வைத்த சிங்கங்களைக்
காலை எட்டுக்குக் காட்டிவிட்டு
ஒன்பதுக்கு முட்டை பொரித்துத் தருவார்களாம்.
விலையும் பாதி.

நான் வேலி இல்லாததன் விலையைக் கேட்டேன்.

அவள் டொலரில் சொன்னாள்,
நான் பல்லில் கணக்குப் பார்த்தேன்:
வேர்ச் சிகிச்சை நூற்றுப் பதினெட்டு.
முதல் தரம் விசாரித்தபோது ஐம்பத்தாறுதான் வந்தது.
நாடு வங்குரோத்தான வருடத்தில்
சிங்கமும் எட்டிப் போய்விட்டது.

எங்கட ஆக்கள் விமானம் ஏறுவது
கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும்.
ஸ்காபரோவிலிருந்து மச்சாள் கேட்டாள்:
"ஆபிரிக்காவிலயோ? அங்க ஆர் இருக்கினம்?"
ஆருமில்லை மச்சாள்.
"பின்ன ஆற்ற வீட்டில தங்குவியள்?"
கறித்தூள் கட்டிக்கொண்டு போக
ஒரு வீடும் இல்லாத நாடு.
அதைச் சொல்லச் சொல்ல
எனக்கு வாயூறியது.

பதினைந்து கிலோ, அதற்கு மேல் சிறிய விமானம் தாங்காது.
சில்லுப் பூட்டின பெட்டி வேண்டாம், துணிப் பை.
நீலமும் கறுப்பும் வேண்டாம், கடி ஈ தேடி வரும்.
அலுமாரியைத் திறந்தேன்:
நீலம், நீலம், கறுப்பு, கலியாணச் சிவப்பு, நீலம்.

பொரளையில் மஞ்சட்காய்ச்சல் ஊசி.
குகநேசன் சட்டைக் கையை மடித்துவிட்டு
முகத்தை மறுபக்கம் திருப்பினார்,
என் கதிரையில் சாய்கிறவர்களைப் போல
"நோகுமோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

பிறகு வந்தது விதிமுறைத் தாள்.

இருட்டினபின் தனியே வெளியில் வரக்கூடாது.
துவக்கோடு ஒருவர் கூட வருவார்.
சத்தம் கேட்டால் சிப்பைத் திறந்து பார்க்கக்கூடாது.
நில் என்றால் நில்.
எதைக் கண்டாலும் ஓடாதே,
ஓடுவதுதான் இரை.

குகநேசன் இரண்டு தரம் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"இதுக்கோ இவ்வளவு காசு?
எண்பத்தொன்பதில
இதெல்லாம் சும்மா சொல்லித் தந்தவங்கள்."
சிரித்தோம்.
மேல்வீட்டு நாய் குரைக்கும்வரை சிரித்தோம்.
பிறகு அவர் தாளை மடித்த மடிப்பு
நாலாக, எட்டாக, பதினாறாகச் சிறுத்து
சட்டைப்பைக்குள் போனது,
பழைய அடையாள அட்டையின் அளவில்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்:
ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும்?
நான் அவர் பெயரை எழுதினேன்.
அவர் என் பெயரை எழுதினார்.
ரிஸ்மியா இரண்டையும் பார்த்துவிட்டு
"ரெண்டு பேரும் சேந்துதானே போறீங்க"
என்று திருப்பித் தந்தாள்.
இன்னும் எழுதவில்லை.

நேற்றிரவு வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடியில்,
கதிரைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு
பல்லிடுக்கு நூலால் தரையில் கூடாரம் போட்டேன்.
நாலு மீட்டருக்கு ஐந்து.
நடுவில் பாய். தலைமாட்டில் டோர்ச்.
"இவ்வளவுதானோ சுவர்?" என்றார்.
இதைவிடக் கொஞ்சம் தடிப்பு, என்றேன்.

வழக்கம்போல எழும்பினார்.
மேல்பூட்டு, கீழ்ப்பூட்டு, சங்கிலி.
பல்கனிக் கம்பிக் கதவுக்கு வந்தபோது
இண்டைக்கு அதை விடுங்கோ, என்றேன்.
திறப்போடு கனநேரம் நின்றார்.
கடைசி ரயில் கடலை உரசிக்கொண்டு பாணந்துறைப் பக்கம் போனது.
உப்புக்காற்று நேரே உள்ளே வந்து
நாட்காட்டியைப் புரட்டி
யாரையும் கேட்காமல் எங்களுக்கு நடுவில் படுத்தது.

இரண்டு மணிக்கு என் தோளில் ஒரு தட்டு.
நூலுக்கு இந்தப் பக்கம்
காலை மடக்கிக்கொண்டு குந்தியிருந்தார்.
குசினி எட்டடி தூரம்.
"தண்ணி குடிக்கோணும்" என்றார் மெல்ல.
"கூட வாரும்."